வேம் பாக்கெட்: கரட்டுக்கு வாங்கலாம், காட்டுக்கு வேண்டாம்

சேலத்து உரக்கடைகளில் 'வேம்' என்று கேட்டால் எடுத்துத் தரும் வேர் உட்பூசணம், பார்வைக்கு வெறும் வெர்மிகுலைட் என்ற கனிமத் தூள்தான். யூரியா மாதிரி இதுவே சத்து கிடையாது. உள்ளே இருப்பது பூசண வித்துகளும் பூசணம் ஏறிய வேர்த்துணுக்குகளும். செடியின் வேருக்குள் புகுந்து, இழைகளை வெளியே மண்ணில் படரவிட்டு, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுத்து வரும். கூலியாகச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும்.

மாக்னசைட் கனிமம் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் விராலி, ஆவாரை, கொளுஞ்சி நடுகிறவர்களுக்கு இது காசுக்குத் தகும். மேல்மண் போன இடத்தில் பூசணமும் போயிருக்கும். ஏற்காட்டுச் சரிவில், விராலி தானாக மண்டிக் கிடக்கிற நிலத்துக்கு இதை வாங்கிப்போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. சொந்த நிலத்துப் புதரடி மண் ஒரு பிடி, நாற்றுப்பைக் கலவையில் சேர்த்தால் போதும். (காப்புக்காட்டு மண்ணில் கைவைக்காதீர்கள்.)

நாற்றுப்பைக்கு 5 முதல் 10 கிராம், நடவுக்குழிக்கு 20 கிராம். மேலே தூவினால் வீண், 2–3 செ.மீ. ஆழத்தில், இறங்கும் வேர் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். கெடுவது பெரும்பாலும் நம் கையால்தான்: அதே குழியில் மணிச்சத்து உரமான டிஏபி போடுவது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்தை அண்டவிடாது. கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றினாலும் பூசணம் அடிபடும். வெயில் படும் அலமாரியில் கிடந்த பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கூடவே, வேர் முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும் பாக்டீரியாவான ரைசோபியத்தையும் கடைக்காரர் நீட்டுவார். ஆவாரைக்கு அது தண்டம். அவரை இனத்தோடு சேர்த்தி என்றாலும் அதன் வேரில் முடிச்சு வராது. கொளுஞ்சியில் வரும். அதற்கும், நிலக்கடலைக்கென்று அச்சிட்ட பாக்கெட் பொருந்தும் என்று நம்பி வாங்க வேண்டாம். ஒரு செடியை மண்ணோடு தோண்டி, நீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து ஓடுகிறது. பச்சையோ வெளுப்போ என்றால் சும்மா இருக்கிறது. தேய்த்தால் உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது முடிச்சில்லை, நூற்புழு.

வேமில் இந்தச் சோதனைக்கு வழியில்லை என்பதுதான் பெரிய குறை. வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். ஆகவே முழு மேட்டுக்கும் வாங்குமுன் இருபது பைகளில் தூள் போட்டும், இருபதில் போடாமலும் வளர்த்து ஒப்பிடுங்கள். கொளுஞ்சி விதையை மணலோடு தேய்த்து விதைக்க மறக்க வேண்டாம். தோல் கெட்டி, முளைக்காத பழியைத் தூள் சுமக்கும்.