ஸ்பார்க் பிளக் வயருக்கு வெப்ப உறை: வேலை செய்கிறது, ஆனாலும் கோபம் தீரவில்லை

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஒரு பழைய செவ்ரோலெட் கான்ஸ்டான்ஷியாவைப் பிரித்துப் போட்டிருக்கிறான். போன வாரம் கூப்பிட்டு, "அத்தான், உங்க எல் காமினோவுல பிளக் கேப்புக்கு ஒரு உறை போட்டிருக்கீங்களே, அது இப்போ விலை இறங்கியிருக்கு. எட்டும் வாங்கிடவா?" என்றான். கேப் என்பது வயர் நுனியில் ஸ்பார்க் பிளக் மேல் உட்காரும் ரப்பர் தொப்பி; எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து அதைக் காக்கும் ஃபைபர் கிளாஸ் உறையைத்தான் கேட்கிறான். "வாங்காதே" என்றுதான் முதலில் வாயில் வந்தது. அன்று காலைதான் பிளக் மாற்றியிருந்தேன், அந்த உறையின் தூளால் முழங்கை வரை அரிப்பு. நல்ல பொருளை அரிப்பின் கணக்கில் திட்டக்கூடாது என்று நினைத்து, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுதும்போதும் கொஞ்சம் அரிக்கத்தான் செய்கிறது.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எழுபதுகளில் இங்கே தென்னாப்பிரிக்காவில் விற்ற எல் காமினோ பக்கிகள் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு வைத்த வண்டிகள்) ஆஸ்திரேலிய ஹோல்டன் உடம்பில் செவ்ரோலெட் பெயர் ஒட்டி வந்தவை என்பது பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். என்னுடையது 4.1 லிட்டர் ஆறு சிலிண்டரோடு பிறந்தது. அந்த என்ஜினில் பிளக் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட் மறுபக்கம். வயர் வெந்துபோகும் பேச்சே கிடையாது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைத் தூக்கிவிட்டு எட்டு சிலிண்டர் 350 வி8 என்ஜினை உட்கார வைத்தார், கூடவே குழாய் குழாயாக வளைந்த எக்ஸாஸ்ட் பிராஞ்ச் இரண்டும் மாட்டினார். சத்தம் அருமை. ஆனால் இந்த என்ஜினில் பிளக்குகள் இருப்பது எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு நடுவில். கேப்புக்கும் குழாய்க்கும் நடுவே சில இடங்களில் சுண்டுவிரல்கூட நுழையாது.

சிலிக்கோன் ரப்பர் கேப் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வரை சமாளிக்கும். ஏற்றத்தில் மிதித்து ஓட்டும்போது பிராஞ்ச் குழாயின் மேற்பரப்பு அதற்கு இரண்டு மடங்கைச் சாதாரணமாகத் தாண்டும். கேப் முதலில் காய்ந்து கெட்டியாகும், அப்புறம் மயிரிழை போல வெடிப்பு விடும். உள்ளே ஓடுவதோ இருபதாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும். பிளக்கின் நுனியில் அழுத்தம் ஏறிய காற்றைத் தாண்டிக் குதிப்பதைவிட, வெடிப்பு வழியாகப் பக்கத்து இரும்புக்குப் போவது அதற்குச் சுலபம். பைன்டவுனிலிருந்து க்ளூஃபுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது வண்டி மிஸ் அடிப்பதும் (ஏதோ ஒரு சிலிண்டர் வெடிக்காமல் உதறுவதும்), மேலே போய்ச் சமதளத்தில் ஒழுங்காக ஓடுவதும் இதனால்தான். என்ஜினில் சுமை ஏறினால் பிளக் கேட்கும் வோல்ட்டேஜும் ஏறும், ஓட்டை அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

உறை போட்ட பிறகு அந்தத் தொல்லை நின்றது. இதில் வஞ்சனையில்லாமல் பேச வேண்டும். அதற்கு முன் வலப்பக்கத்துக் கேப்புகள் ஒரு கோடைகாலம் தாண்டினாலே அதிசயம். இப்போது அதே வயர் செட் வருடக்கணக்கில் ஓடுகிறது. ஃபைபர் கிளாஸில் பின்னிய இந்த உறைகளுக்குத் தயாரிப்பாளர்கள் 650 டிகிரி வரை என்று அட்டையில் போடுகிறார்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 650 தாங்குவது உறை. உள்ளே இருக்கும் கேப் இல்லை. உறை வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். வண்டி ஓடிக்கொண்டு காற்று வீசும்வரை அந்தத் தாமதம் போதும்.

சோதனை வருவது நின்ற பிறகுதான். ஈசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் பெரிய வெள்ளியன்று போனவர்களுக்கு அந்த வரிசை தெரியும். ஊர்ந்து ஊர்ந்து போய், இடம் கிடைத்து, என்ஜினை அணைத்தால் விசிறியும் நின்றுவிடும். பானட்டுக்குள் வெப்பம் குறைவதற்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் ஏறும். கேப்புகள் வெந்து சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நான் இப்போதெல்லாம் கோயில் வாசலில் பானட்டைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். வண்டி கெட்டுப்போச்சா என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்கிறான். கேட்கட்டும்.

சரி, கோபத்துக்கு வருவோம். பிளக் மாற்ற வேண்டுமென்றால் கேப்பைப் பிடித்து லேசாகத் திருகி இழுக்க வேண்டும். உறை மேலே இருந்தால் பிடிக்க எதுவும் கிடைக்காது. உறையைப் பிடித்தால் உறை மட்டும் வழுக்கி வரும், வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் தகரக் கவ்வி கழன்று பிளக்கிலேயே நின்றுவிடும். அதோடு விடவில்லை. சூடு பட்டுப் பட்டு, இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை எரிந்துபோகிறது. அதற்குப் பிறகு தொடும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தூள் உதிர்கிறது. கையுறை போட்டால் எட்டாம் நம்பருக்குக் கை நுழையாது. கையுறை இல்லாமல் நுழைத்தால் இரண்டு நாளைக்குத் தூக்கம் போச்சு. விளம்பரப் படத்தில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே வெறுங்கையால் மாட்டுகிறான். அவனைக் கொஞ்சம் கழற்றவும் சொல்லியிருக்கலாம்.

எட்டாம் நம்பர் என்றேன். வி8இல் வலப்பக்கம் கடைசி. ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதே பக்கம் கீழே. நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், அதனால் அதன் தண்டும் அங்கேதான் இறங்குகிறது. பிராஞ்ச் குழாய்களும் சேர்ந்து வளைந்து கீழே போவது அங்கேயே. அமெரிக்கக்காரனுக்கு இந்தத் தலைவலி பாதிதான், அவன் ஸ்டியரிங் மறுபக்கம் இருக்கிறது. எட்டுக்கு மட்டும் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு பீங்கான் கேப் போட்டேன். விலை அதிகம். வளையாது, கீழே போட்டால் உடையும். வயரோடு சேர்த்துப் கவ்வியைப் புதிதாக நசுக்கிப் பொருத்தவும் (கிரிம்ப்) வேண்டும். ஆனால் ஆயிரம் டிகிரி பக்கத்தில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எண்ணெய் குடிக்காது, அரிக்காது. எல்லாப் பிளக்குக்கும் அதையே போடாதது ஏன் என்றால், பணம்தான். ராண்ட் போகும் போக்கில் அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, சுங்கமும் 15 சதவீத வாட் வரியும் கட்டினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

எண்ணெய் குடிப்பது என்றதும் இன்னொன்று. என்ஜின் மேல்மூடியான வால்வ் கவர் கசிந்தால் உறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு புகைய ஆரம்பிக்கும். டர்பன் கடற்காற்றின் உப்பு ஈரமும் அதில் ஊறும். ஒரு மழைக்கால விடியலில் என்ஜின் உதறிக்கொண்டே ஓடியது, வெளியே பார்த்தால் எல்லாம் புதுசு மாதிரி. இருட்டும்வரை காத்திருந்து, ஓடும் என்ஜின் மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தூவினேன். மூன்றாம் உறைக்குள்ளிருந்து நீலமாகப் பொறி குழாய்க்குத் தாவியது. உள்ளே கேப் வெடித்திருக்கிறது, உறை அதை மறைத்து வைத்திருந்தது. வெறும் கேப்பாக இருந்திருந்தால் எண்ணெய் அளவுக் கம்பியைப் பார்க்கும்போதே கண்ணில் பட்டிருக்கும்.

பிராஞ்ச் மேலேயே துணி சுற்றுவதைப் பற்றியும் கேட்பீர்கள். டோங்காட் மெக்கானிக் அண்ணன் வேண்டாம் என்கிறார், நானும் அவர் பக்கம்தான். கடலோர ஊரில் அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைத்து, சாதா இரும்புக் குழாயைத் துணிக்கு அடியிலேயே துரு தின்ன விடும். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் இந்த என்ஜின்கள் பலவற்றுக்குப் பிளக் பக்கத்தில் சின்னத் தகரக் கவசம் வைத்து அனுப்பியது. கேப்பைத் தொடாமல், நடுவே காற்று விட்டு நிற்கும். அதைவிட நல்ல யோசனை இதுவரை வரவில்லை என்பது என் எண்ணம், ஆனால் அது பிராஞ்சுக்கு முன்னால் இருந்த பழைய வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குத்தான் பொருந்தும். இடம் இருப்பவர்கள் வயரை அரை அங்குலம் தள்ளிக் கட்டினாலே பாதி உறைக்குச் சமம். தள்ளிக் கட்டும்போது ஐந்தாம், ஏழாம் சிலிண்டர் வயர்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்டாதீர்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையிலும் அடுத்தடுத்து வருபவை (1-8-4-3-6-5-7-2). ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்பட்டு, ஏழாம் சிலிண்டர் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். உறை போட்டுத் தடிமனான வயர்களை ஒரே கிளிப்பில் திணிக்கத் தோன்றும், அங்கேதான் இந்தக் கோளாறு வரும்.

வாங்குகிறவர்கள் கேப்புக்குள் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவி மாட்டுங்கள், பிளக்கின் பீங்கானோடு ஒட்டிக்கொள்ளாது. முதல் ஓட்டத்தில் பசை எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம்.

வயரைக் காப்பாற்றுகிறதா? காப்பாற்றுகிறது. ஃபீல்ட்ஸ் ஹில்லில் இப்போது மிஸ் அடிப்பதில்லை, லாரிகளைத் தாண்டியே போகிறேன். ஐந்துக்கு இரண்டு தருகிறேன். அடுத்த மாதம் அரிப்பு போன பிறகு கேட்டால் நான்கு சொல்லலாம், ஆனால் நான் இப்போதுதானே எழுதுகிறேன்.