பல்லடம் ரோட்டு மெட்டீரியல் யார்டு: தளம் அருமை, கேட் நேரம் சொதப்பல்

கோவைக்குள் ஆர்.எஸ்.புரம், ராம் நகர் மாதிரி நெருக்கமான இடத்தில் கட்டடம் எழுப்புகிறவர்களுக்கு ஜல்லி கொட்டக்கூட இடம் கிடையாது. அவர்களை நம்பித்தான் பல்லடம் ரோட்டை ஒட்டி இந்த வாடகை யார்டு நடக்கிறது. சரக்கு நம்முடையது. லாரி கிரஷர்காரருடையதாகவோ டீலர் அமர்த்தியதாகவோ இருக்கும். இறக்கி அடுக்கி, கணக்கு வைத்து, சைட் கேட்கும்போது ஈச்சரிலோ சின்ன டிப்பரிலோ அனுப்புவது யார்டின் வேலை. அடுக்குவதில் குறை சொல்ல முடியாது. கணக்கு, நம் ஆள் கூட நின்றால் சரியாக இருக்கும். வெளி லாரிகளைக் கேட்டில் வாங்குவதில்தான் ஒழுங்கு இன்னும் வரவில்லை.

முதலில் தளம். இந்தப் பக்கம் பாதிக்குப் பாதி கரிசல் மண். ஐப்பசி மழையில் லோடு வண்டி அச்சு வரை இறங்கிவிடும், ஜல்லிக் குவியலின் அடியில் சேறு ஏறிவிடும். சரக்கைத் தனித்தனியாகக் குவிக்கச் சுவர் வைத்துப் பிரித்த இடம்தான் தடுப்பு. 20க்கு 20 அடி தடுப்பில் அடியிலுள்ள மூன்று அங்குலம் மண்ணோடு கலந்தால் போனது 100 கன அடி, முழுசாக ஒரு யூனிட். இங்கே எல்லாத் தடுப்புக்கும் கான்கிரீட் தளம் போட்டு, தண்ணீர் பின்பக்கம் வடிய வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். வாடகை கூடுதல் என்று யோசிப்பவர்கள் இந்த ஒரு யூனிட்டைக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குறை தடுப்புச் சுவரில்தான், உயரம் ஐந்தடியே. எட்டடி உயரம் குவித்தால் எம்-சாண்ட் (கல்லை அரைத்துச் செய்யும் கான்கிரீட் மணல்) பக்கத்துக்குப் பதினோரு அடிக்கு மேல் சரியும். சுவரைத் தாண்டி அடுத்த தடுப்பில் இருக்கும் பி-சாண்டில் (பூச்சுக்கான நைஸ் மணல்) விழுந்தால், பூச்சு வேலையில் கரண்டி இழுக்கும் இடமெல்லாம் கோடு விழும். இரண்டுக்கும் நடுவில் முக்கால் ஜல்லித் தடுப்பு வருகிற மாதிரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றுக்குப் பி-சாண்ட் மேல் தார்ப்பாய் கட்டாயம். கேட்டால் போடுகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை.

அளவு எடுப்பது கேட்டிலேயே நடக்கிறது. டிப்பர் நின்றதும் தொட்டியின் உள் நீளம், அகலம் பார்க்கிறார்கள். பிறகு மணலைச் சமப்படுத்தி, கம்பியை மூன்று இடத்தில் அடி வரை குத்தி உயரத்தைச் சராசரி எடுக்கிறார்கள். 14 அடி நீளம், ஏழரை அடி அகலம், மூன்றரை அடி உயரம் என்றால் 367 கன அடி. அதை நான்கு யூனிட் என்று சலானில் எழுதி வருவது சகஜம். உயரத்தில் மூன்று அங்குலம் குறைந்தால் 26 கன அடி, கால் யூனிட் போச்சு. அவசரத்தில் ஒரே இடத்தில், அதுவும் நடுவில் குத்திவிட்டு எழுதுவதும் நடக்கிறது. நம் ஆள் நிற்க வேண்டும் என்று சொன்னது அதனால்தான்.

ஈரமான எம்-சாண்டுக்கு அளவு, எடை இரண்டையும் பார்க்க வேண்டும். ஐந்தாறு சதவீத ஈரத்தில் மணல் உப்பி, கன அடி கூடித் தெரியும். கழுவின கையோடு சொட்டச் சொட்ட வந்தால் எடை கூடும். 18 டன்னில் எட்டு சதவீதம் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை டன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். தண்ணீர் வடியும் லோடை இறக்க மாட்டோம் என்று யார்டில் எழுதியே போட்டிருக்கிறார்கள், நல்ல வழக்கம்.

ஓவர்லோடையும் உள்ளே விடுவதில்லை. பத்துச் சக்கர வண்டிக்கு 2018இல் திருத்திய சட்ட அளவு மொத்தம் 28.5 டன். வண்டியின் சொந்த எடை போக 17, 18 டன்தான் ஏற்றலாம். எம்-சாண்ட் யூனிட்டுக்கு நாலரை முதல் ஐந்து டன் வரும். ஆக, நான்கு யூனிட்டுக்குள்தான் நிற்கும். டீலர் ஆறு யூனிட் லோடு என்று பேசி விலை சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. லோடு எண்ணிக்கையை முதலிலேயே கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கேட் நேரம். எல்லா வண்டிக்கும் ஒரு மணி நேர டோக்கன் கொடுக்கிறார்கள், தப்பு அங்கேதான். டிப்பர் கொட்டிவிட்டுப் போகப் பத்து நிமிஷம் போதும். 300 மூட்டை சிமெண்டை நான்கு லோடுமேன் இறக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மீட்டர் கம்பி ஏற்றிய டிரெய்லர் உள்ளே திரும்பவே மற்ற வண்டிகள் ஒதுங்க வேண்டும், கிரேனும் தயாராக இருக்க வேண்டும். சிமெண்ட் லாரி டோக்கனைத் தாண்டி நிற்கும்போது கிணத்துக்கடவு பக்கமிருந்து காலையில் ஒன்றாகக் கிளம்பிய டிப்பர்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. "அண்ணா, கேட்டுலயே நிக்கறனுங்" என்று டிரைவர் போன் செய்கிற நேரத்தில் ஹால்டிங் (வண்டி காத்திருப்புக் கட்டணம்) ஓட ஆரம்பித்திருக்கும், அந்தப் பில் நம் தலையில். காலை டிப்பருக்கு, மதியம் சிமெண்டுக்கு, கம்பி டிரெய்லருக்குத் தனி நாள் என்று பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இப்போதைக்கு நாமே டீலரிடம் அப்படிப் பேசி, வண்டி நம்பரையும் டிரைவர் நம்பரையும் முந்தின நாளே யார்டுக்கு அனுப்பிவிடுவதுதான் வழி.

சிமெண்ட் குடோனில் இன்னொரு குறை. பலகை மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் முறைப்படி அடுக்குகிறார்கள். ஆனால் வாசல் ஒன்றே ஒன்று. புது லோடு முன்னால் ஏறுவதால் பழையது பின்னாலேயே தங்கிவிடுகிறது. மூட்டையில் அச்சடித்த வாரத்தைப் பார்த்து, பழையதை முதலில் எடுக்கச் சொல்லி, சரக்கு கேட்டு அனுப்பும் இன்டெண்டிலேயே எழுதுங்கள். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் கான்கிரீட்டில் போடக்கூடாது.

கம்பிக் கணக்கு சுத்தம். 12 எம்.எம். கம்பி முழு நீளம் (12 மீட்டர்) ஒன்று 10.66 கிலோ, டன்னுக்கு 94 கம்பி. எண்ணிப் பெருக்கி, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிட்டுத்தான் ரசீது தருகிறார்கள். இந்த அளவுக்கு ஐந்து சதவீதம் வரை ஏற்ற இறக்கம் தரநிலையிலேயே உண்டு, அதைத் தாண்டினால் டீலரைக் கேட்கலாம்.

காகித வேலையில் யார்டு உதவாது, நாமேதான் பார்க்க வேண்டும். எம்-சாண்ட், ஜல்லிக்கு நடைச்சீட்டு (கனிமச் சரக்கைக் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) வண்டியோடு இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (ஜி.எஸ்.டி.யின் ஆன்லைன் போக்குவரத்துச் சீட்டு) வேண்டும், வழியில் வண்டி மாறினால் புது நம்பரை அதில் ஏற்ற வேண்டும். யார்டிலிருந்து சைட்டுக்குப் போகும் ஒவ்வொரு நடைக்கும் தனி டெலிவரி சலான். யார்டு முகவரியை நம் ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வியாபார இடமாகச் சேர்த்திருக்க வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

பக்கத்தில் காலி சைட் இருக்கும் ஒற்றை வீட்டுக்கு இந்த யார்டு தேவையில்லை, ஏத்துக்கூலி இறக்குக்கூலி இரண்டு தடவை விழும். ஊருக்குள் மூன்று நான்கு சைட் ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஒப்பந்தத்தில் கூலியை லோடு கணக்கில் விடாமல் டன் கணக்கில் எழுதி வாங்குங்கள். டோக்கன் நேரத்துக்கு வந்த வண்டி கேட்டில் காத்திருந்தால் அந்த ஹால்டிங் யார்டைச் சேரும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.