சைனஸுக்குள் போன பல் இம்பிளாண்ட்: சென்னையில் எடுத்த அனுபவம்

ஊருக்குப் போகும்போது பல் வேலையையும் முடித்துக்கொண்டு வருவது டொராண்டோவில் எங்கள் வட்டாரத்து வழக்கம். இங்கே கேட்கும் தொகையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். என் வீட்டுக்காரரும் போன விடுமுறையில் சென்னையில் மேல் கடைவாய்ப் பல்லுக்கு இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் செயற்கைப் பல் பொருத்தும் சிகிச்சை, செய்துகொண்டார். திரும்பி வந்ததிலிருந்து ஒரு பக்க மூக்கு மட்டும் அடைப்பு. குனிந்தால் கன்னம் கனக்கும், மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி வரும். சாதாரண சளி என்று மாத்திரை தந்தார்கள். கேட்கவில்லை.

இந்த முறை சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாக சிபிசிடி ஸ்கேன், அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே. தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டால் இயந்திரம் ஒரு சுற்று சுற்றுகிறது, அவ்வளவுதான். திரையில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாடை எலும்பில் இருக்க வேண்டிய திருகு, சைனஸுக்குள் படுத்துக் கிடந்தது. அதன் மரை கூடத் தெளிவாகத் தெரிந்தது.

மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு நேர் மேலே மேக்ஸிலரி சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல்லைப் பிடுங்கி நாளாக ஆக எலும்பு கரையும், சைனஸும் கீழே இறங்கும். நாலைந்து மில்லிமீட்டர் எலும்பில் 10 மில்லிமீட்டர் திருகை வைத்தால் பிடிப்பு எங்கிருந்து வரும்? வைக்கும்போதே உள்ளே போய்விடலாம், பிறகு மெல்ல நழுவியும் போகலாம். எலும்பு போதாவிட்டால் சைனஸ் லிஃப்ட் செய்து, அதாவது சைனஸின் அடிச்சவ்வை மேலே தூக்கி, எலும்புத்தூள் நிரப்பி, பெரும்பாலும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விடுமுறையில் வருகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. அதை வைத்தவர் சொல்லியிருக்க வேண்டும். அந்த கிளினிக்கில் பழைய ஃபைலைக் கேட்டால் ரசீது மட்டும்தான் வந்தது. என்ன கம்பெனித் திருகு, என்ன நீளம் என்ற குறிப்பே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எடுத்த இடத்தைப் பற்றி மனதாரப் பாராட்டித்தான் சொல்ல வேண்டும். முகத்தாடை சர்ஜனும் காது மூக்கு தொண்டை சர்ஜனும் ஒன்றாக உட்கார்ந்து ஸ்கேனைப் பார்த்தார்கள். ஒரு வழி கால்டுவெல்-லூக்: உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே எலும்பில் ஜன்னல் மாதிரி திறந்து எடுப்பது. 1890களில் வந்த முறை, இன்றும் செய்கிறார்கள். இன்னொன்று மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு, சைனஸின் இயற்கையான வாசலைப் பெரிதாக்கி எடுப்பது. இவருக்கு ஈறிலும் ஓட்டை மூடாமல் இருந்தது. அதனால் மயக்க மருந்து கொடுத்து, ஒருவர் மூக்கு வழியாகத் திருகை எடுத்தார். மற்றவர் கன்னத்துக் கொழுப்புத் திசுவை இழுத்து ஓட்டையை மூடித் தைத்தார். ஒரே தியேட்டர், ஒரே மயக்கம்.

செலவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள், பில்லும் அதை ஒட்டித்தான் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரிக்குத்தான் சாயங்காலம் வரை காத்திருக்க வைத்துவிட்டார்கள். ஊரோடு இருப்பவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. முகத்தாடை அறுவை சிகிச்சைக்கு அங்கே தனிப் பிரிவே உண்டு.

வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் சொன்னது நல்லபடியாக நினைவிருக்கிறது: "அண்ணா, மூக்கைச் சிந்தாதீங்க. தும்மல் வந்தா அடக்காம வாயைத் திறந்து தும்முங்க. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவே கூடாது." அப்புறம் உப்புநீர் ஸ்பிரே, ஆன்டிபயாடிக். காற்றழுத்தம் மாறும் என்பதால் உடனே விமானம் ஏற வேண்டாம் என்றார்கள். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டோம்.

மேல் கடைவாய்க்கு இம்பிளாண்ட் வைக்கப் போகிறவர்கள், எலும்பு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று ஸ்கேனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். திருகின் கம்பெனி, நீளம் போட்ட ஸ்டிக்கரையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இவருக்கு அடைப்பும் நாற்றமும் போய்விட்டன. ஸ்கேன் சிடியையும் சம்மரியையும் இங்கே எங்கள் பல் டாக்டரிடம் கொடுத்தாயிற்று. ஈறும் சைனஸும் நன்றாக ஆறிய பிறகுதான் அந்த இடத்தில் என்ன வைப்பது என்று பார்ப்பாராம்.