உடம்பு வைக்கிற மட்டக்குதிரைக்கு எது தீனி: தவிடா, வைக்கோலா, வெட்டுப்புல்லா?

கழுத்தின் மேல்விளிம்பு தடித்து இறுகியிருக்கும். விலா எலும்பை விரலால் அழுத்தித் தேட வேண்டியிருக்கும். அந்தக் குதிரையைப் பார்த்துத்தான் "நல்லா வளர்த்திருக்காங்க" என்பார்கள். குதிரையின் உடல்நிலையை 1 முதல் 9 வரை அளக்கும் ஹெனெக் அளவுகோலில் 5 நல்ல நிலை. 7 தாண்டினால் கொழுப்பு. நெடுந்தீவின் காய்ந்த வெளியில் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கிற கட்டாக்காலிக் குதிரைகளை நினைத்தால், சில குதிரைகள் ஏன் எளிதில் கொழுக்கின்றன என்பது விளங்கும். குறைந்த தீனியில் உயிர் தாங்குகிற உடம்புகள் உண்டு. அப்படிப்பட்ட உடம்புக்குச் சத்துத் தீனியைக் கொட்டினால் இரத்தத்தில் இன்சுலின் ஏறும், பிறகு குளம்பழற்சி வரும். வந்தபின் அந்தக் குதிரை முன்போல நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அதற்காகப் பட்டினி போடலாமா? கூடவே கூடாது. கொழுத்த மட்டக்குதிரையின் தீனியைச் சட்டென்று நிறுத்தினால் உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் கரைந்து ஈரலைத் தாக்கும். சினைக்குதிரைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வயிற்றுப்புண்ணும் வரும். தீனியின் அளவைவிட அதிலுள்ள சக்தியைக் குறைப்பதே வழி.

முதலில் எடை தெரிய வேண்டும். தராசு இல்லாவிட்டாலும் அளவுநாடா போதும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து அதையே அதால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோக்கணக்கு வரும். சுற்றளவு 145, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 248 கிலோ. மெலிய வேண்டிய குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 சதவீதம் உலர்தீனி, அதாவது ஈரத்தைக் கழித்துப் பார்த்த தீனி. 250 கிலோவுக்கு அது 3.75 கிலோ. பச்சைப்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள் என்பதால் புல்லாகக் கொடுத்தால் 19 கிலோ அளவில் வரும். இரண்டு பெரிய கட்டுப் புல்லைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒருமுறை நிறுத்துப் பார்க்கட்டும்.

சரி, எந்தப் புல்? பால்மாட்டுக்காரர்கள் வளர்க்கும் கோ-3 எளிதில் கிடைக்கும், நிறைய விளையும். ஆனால் அதிலும் கினிப்புல்லிலும் உள்ள ஆக்சலேட் கல்சியத்தைக் கட்டிப்போடுகிறது. மாடு தன் முதல் இரைப்பையில் அதை உடைத்துவிடும், குதிரையால் முடியாது. மாதக்கணக்கில் அதையே தின்றால் எலும்பு மெலிந்து முகம் வீங்கும். வேகமாகத் தழைக்கிற இளம்புல்லில் ஆக்சலேட் அதிகம், சக்தியும் அதிகம். மாரி மழைக்குப் பின் பசேலென்று கிளம்புகிற புல்லைக் கண்டு மகிழ்ந்து அவிழ்த்து விடுகிறோமே, கொழுத்த குதிரைக்கு அதுதான் கஷ்டகாலம். அறுகம்புல்லும் வரம்போரத்துப் பலவகைப் புல்லும் கலந்து, சற்று முற்றியதாக வெட்டிக் கொடுப்பதையே நான் முதலில் வைப்பேன். கோ-3தான் வழி என்றால் கல்சியம் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

வைக்கோல் மலிவு. பெரும்போக அறுவடை முடிந்தால் சம்மாந்துறைப் பக்கம் வயலெல்லாம் அதுதான். சக்தி குறைவு, மெல்ல நேரம் எடுக்கும். கொழுத்த குதிரைக்கு இரண்டும் நல்லது. ஆனால் புரதம் மிகக் குறைவு, சிலிக்கா அதிகம், அதிலும் ஆக்சலேட் உண்டு. அதை மட்டும் போட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்: 250 கிலோ குதிரைக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான வைக்கோல், 12 கிலோ அளவில் பச்சைப்புல். பல் தேய்ந்த கிழக்குதிரைக்கு அதுவும் வேண்டாம். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைத் தொடவே கூடாது.

தவிட்டில் எனக்குச் சமரசம் இல்லை. மில்லில் சும்மா போலக் கிடைக்கிறது என்பதுதான் அதன் ஒரே பெருமை. எண்ணெயும் மாவுச்சத்தும் நிறைந்தது. அதில் கல்சியத்தைவிடப் பொசுபரசு பத்து மடங்குக்கும் மேல். குதிரைக்கோ கல்சியம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். ஆக்சலேட் புல்லும் தவிடும் சேர்ந்தால் எலும்புக்கு இரட்டை அடி. நம் வெயிலில் சில நாளிலேயே சிக்கு வாடையும் அடிக்கும். தேங்காய்ப் புண்ணாக்கு அதைவிட மேல்: புரதம் ஏறக்குறைய 20 சதவீதம், மாவுச்சத்து மிகக் குறைவு. தாதுப்பொடியைக் கலந்து தின்ன வைக்க ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கறுத்த, பூசண வாடை வீசும் புண்ணாக்கை வீசிவிடுங்கள்.

கோழித்தீனி, மாட்டுத்தீனி மூட்டைகளைக் குதிரையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவற்றில் சிலதில் சேர்க்கும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்கு நல்லது. குதிரையின் இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும். யூரியா, சீனிப்பாகு சேர்ந்த நக்குக்கட்டியும் வேண்டாம்.

அப்புறம் துணைச்சத்து. உடம்பு கொழுத்திருந்தாலும் செம்பும் துத்தநாகமும் குறைந்திருக்கலாம். தீனியை அளந்து குறைக்கும்போது அந்தக் குறை கூடும். ஆகவே மருத்துவர் பார்த்துச் சொல்லும் தாதுக்கலவை, நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி சாதாரண உப்பு, சவாரி செய்து வியர்த்த நாளில் இன்னும் கொஞ்சம் உப்பு. விற்றமின் ஈ பச்சைப்புல்லிலேயே கிடைத்துவிடும். மக்னீசியம், குரோமியம், கறுவா என்று மெலிவதற்காக விற்கப்படுபவற்றுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு தராசு வாங்கலாம்.

கல்லடி, பொத்துவில் போன்ற மணற்பாங்கான இடங்களில் தீனியைத் தரையில் கொட்டக் கூடாது. மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும். தொட்டியிலோ, சின்னக் கண்ணுள்ள வலையிலோ போடுங்கள். வலையில் போட்டால் மெதுவாகவும் தின்னும். எந்த மாற்றமும் 10 முதல் 14 நாளில் படிப்படியாக. குளம்பு சுட்டு, கணுக்கால் நாடி துடித்து, குதிரை முன்காலைத் தூக்கி வைக்கத் தயங்கினால் அது குளம்பழற்சியாக இருக்கலாம்; அன்றைக்கே சவாரியை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்.