பழைய கம்மின்ஸ் பிக்கப்புக்கு எந்த டர்போ?

டெக்சஸிலிருந்து கொலராடோவுக்குப் போகும் வழியில், நியூ மெக்சிகோ எல்லையில் ரட்டோன் கணவாய் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 7,800 அடி. நான்கரை டன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு அங்கே ஏறியபோதுதான் என் 1996 டாட்ஜ் ராம் பிக்கப்பின் டர்போ (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) போதவில்லை என்பது உறைத்தது. வண்டி திணறவில்லை. வெப்பமானியின் முள்தான் 1,350 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டது. டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு அது. இந்த எஞ்சினை வைத்திருப்பவர்கள் 1,250-க்கு மேல் நெடுநேரம் ஓட்டத் துணிவதில்லை. அலுமினிய பிஸ்டன்கள் தாங்காது. பெடலிலிருந்து காலைத் தளர்த்தி, சரக்கு லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு உச்சி வரை ஊர்ந்தேன்.

குற்றம் என்னுடையது. 1994 முதல் 1998 வரை வந்த ராம் பிக்கப்புகளில் இருப்பது அமெரிக்க கம்மின்ஸ் நிறுவனத்தின் 6பிடி டீசல் எஞ்சின்: 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு, பாஷ் பி7100 டீசல் பம்ப். கணினி கிடையாது. பம்பின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறு தகடு ஒன்றை முன்னால் நகர்த்தினால் டீசல் கூடுதலாகப் பாயும். அரை மணி நேர வேலை, செலவு ஒன்றுமில்லை. நகர்த்திவிட்டேன். டீசல் கூடியது, காற்று கூடவில்லை. மிஞ்சிய டீசல் கரும்புகையாகவும் சூடாகவும் வெளியே போனது.

நம் ஊரில் லாரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எஞ்சின் அந்நியமல்ல. 1993-இல் உருவான டாடா கம்மின்ஸ், ஜாம்ஷெட்பூரில் இதே 6பிடி குடும்பத்து எஞ்சின்களைத்தான் டாடா லாரிகளுக்காகச் செய்தது. லாரியின் உயிர் பிக்கப்பின் உடம்பில் இருப்பதால்தான் முப்பது வயதான இந்த வண்டிகளுக்கு இன்னும் செலவழிக்க மனம் வருகிறது.

டர்போவை மாற்றினால் மட்டும் சக்தி கூடிவிடாது. சக்தி டீசலில் இருக்கிறது. டர்போ அதை எரிக்கக் காற்று தருகிறது, அவ்வளவுதான். பம்பைத் தொடாமல் பெரிய டர்போ போட்டால் வண்டி முன்னைவிட மந்தமாகத்தான் ஓடும். ஆகவே எவ்வளவு டீசல் விடப் போகிறோம், எந்த வேகத்தில், எத்தனை நேரம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலையிலிருந்து வந்தது ஹோல்செட் நிறுவனத்தின் எச்எக்ஸ் 35 டர்போ. காற்றை இழுக்கும் சக்கரத்தின் வாய் 54 மில்லிமீட்டர், புகை சுழற்றும் சக்கரமான டர்பைனின் கூட்டில் புகை நுழையும் வழி 12 சதுர சென்டிமீட்டர். சுமார் 300 குதிரைத்திறன் வரை இது நேர்மையாக உழைக்கும். பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், 30 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு) நன்றாகத் தாண்டிவிட்டால் காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்குவதில்தான் இதன் உழைப்பு போகும். பம்பில் கை வைக்காதவர்கள், இலேசாக மட்டும் வைத்தவர்கள், இதையே பேரிங் மாற்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். டர்போவின் தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் என்பதால் அது இயல்பு. முன்னும் பின்னும் தள்ளினால் அசைவு உணரப்படக் கூடாது. உணர்ந்தால் கழற்றும் நேரம் வந்துவிட்டது.

புதுப்பிக்கும் செலவுக்கே புத்தம்புது எச்எக்ஸ் 35 கிடைக்கிறது என்று இணையத்தில் ஒரு போலியை வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். மூன்றாம் மாதம் சீறும் ஒலி கேட்டது. காற்றுக்குழாயைக் கழற்றிப் பார்த்தால், சக்கரத்தின் இதழ் முனைகள் கூட்டில் உரசி, சுவரில் பளபளவென்று ஒரு வளையம் விழுந்திருந்தது. அந்தத் தூள் எங்கே போயிருக்கும் என்று யோசித்தபடி, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தது.

அடுத்தது கலப்பு டர்போ. எச்எக்ஸ் 35-இன் டர்பைன் பக்கத்தை வைத்துக்கொண்டு, எச்எக்ஸ் 40-இன் பெரிய காற்றுச் சக்கரத்தைப் பொருத்துவார்கள். பழைய இடத்தில் அப்படியே உட்காரும். குழாய் எதையும் மாற்ற வேண்டாம். கை வேலைக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் சக்கரத்தைச் சமநிலைப்படுத்தியவர் யார் என்பதில்தான் இதன் ஆயுள் இருக்கிறது. தெரிந்த கை என்றால் வாங்கலாம்.

நான் பொருத்தியது மூன்றாவது வகை: எச்இ 351 சிடபிள்யூ. 2004-ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 2007 வரை வந்த 5.9 லிட்டர் ராம்களின் தொழிற்சாலை டர்போ. அந்த வண்டிக்காரர்கள் பெரிதாக மாற்றும்போது கழற்றிப் போடுவதால், பழைய பாகக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். சக்கரத்தின் வாய் 58 மில்லிமீட்டர், அதாவது முகப்புப் பரப்பில் சுமார் 15 சதவீதம் கூடுதல். டர்பைன் கூடோ 9 சதுர சென்டிமீட்டர்தான், பழையதைவிடச் சிறியது. குறுகிய வழியில் புகை விரைவாகப் பாய்வதால், பெரிய சக்கரமானாலும் சீக்கிரமே சுழலத் தொடங்கிவிடுகிறது. டிரெய்லரோடு சிக்னலில் நின்று கிளம்பும்போது இதன் அருமை தெரியும்.

பொருத்துவதில் வேலை உண்டு. எஞ்சினின் புகை திரளும் மானிஃபோல்டில் போல்ட்டுகள் நேராகச் சேரும். சைலன்சர் பக்கத்து வளைவும் காற்று வெளியேறும் முழங்கையும் சேராது, தனியாக வாங்க வேண்டும். பூஸ்ட் அளவு மீறாமல் புகையைத் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டை இதில் கணினிதான் இயக்கும். கணினியே இல்லாத வண்டியில் அந்த மின்வால்வை விலக்கி, காற்றுக்குழாயை நேராக, அந்தக் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குக் கொடுத்து, தண்டின் நீளத்தைத் திருகித் திருகி அளவு பார்க்க வேண்டும். எனக்கு மூன்று நாள் மாலை பிடித்தது.

என் தங்கை கணவர் நான்காவது வழியில் போனார். அவருடைய 1995 ராமில் போர்க்வார்னர் எஸ் 300. வாய் 62 மில்லிமீட்டர், கூடு 14. டீசல் எவ்வளவு விட்டாலும் விழுங்கும். அவர் வண்டி சனிக்கிழமைகளில் பந்தயத் தடத்தில் ஓடுவது. அங்கே அது சிங்கம். ஒருநாள் என் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வெளியே போய்த் திரும்பியவர், “மச்சான், மேட்டில் கியர் மாற்றினால் காற்று வந்து சேர்வதற்குள் வேகம் போய்விடுகிறது” என்றார். “அது பாரம் இழுக்க வாங்கியது இல்லையே மாப்பிள்ளை” என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. மானிஃபோல்டில் இன்னொரு அளவுமானி பொருத்தி, டர்பைனுக்கு முன்னால் புகை தள்ளும் அழுத்தத்தைப் பார்த்தோம். அவர் வண்டியில் முழுப் பெடலில் பூஸ்டும் புகை அழுத்தமும் ஏறக்குறையச் சமம். என்னுடையதில் பூஸ்ட் 30 இருக்கும்போது புகை அழுத்தம் 38. சிறிய கூட்டின் விலை அது; எஞ்சின் தன் புகையை வெளியே தள்ளவே மூச்சு முட்டுகிறது. 400 குதிரைத்திறனுக்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் எச்இ 351-ஐ விட்டுவிட வேண்டும். அதற்குக் கீழே இழுவை வேலைக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. அடுத்த கோடையில் அதே டிரெய்லரோடு ரட்டோன் ஏறியபோது முள் 1,200-ஐத் தாண்டவில்லை.

6.7 லிட்டர் எஞ்சினோடு வந்த எச்இ 351 விஇ-யைச் சிலர் பரிந்துரைப்பார்கள். இதழ் இடைவெளி மாறும் டர்போ, புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்காகவும் வேலை செய்யும். ஆனால் அதை இயக்க மின்னணுப் பெட்டி ஒன்று தனியாக வேண்டும். கணினி இல்லை என்பதற்காகவே இந்த வண்டியை வைத்திருப்பவன் நான்.

எதை வாங்கினாலும் செலவு டர்போவோடு நிற்காது. தொழிற்சாலை கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பெட்டிக்குத் தனி வரவுசெலவுத் திட்டமே போட வேண்டும். பூஸ்ட் 35-ஐத் தாண்டுவதானால் சிலிண்டர் தலைக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டையும் அந்தத் தலையின் போல்ட்டுகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிறு எஃகு ஊசி. எஞ்சினின் முன்பக்கப் பற்சக்கரப் பெட்டியைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்காக வைத்தது. ஆண்டுக்கணக்கான அதிர்வில் அது மெல்ல நழுவிப் பற்சக்கரங்களுக்குள் விழுந்தால் பெட்டியே உடையும். கொலைகார ஊசி என்றே அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் போல்ட்டில் ஒரு சிறு தகட்டைச் செருகி அதன் வாயை மூடிவிட்டால் போதும். மாப்பிள்ளையின் வண்டியைத் திறந்தபோது அது கால்வாசி வெளியே வந்திருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தகட்டை மாட்டி, பெட்டியை மூடி, டீசலை நிறுத்தும் சாலினாய்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டோம். புது டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.