ரெஜிஸ்ட்ரி அனுமதியை மாற்றிக் கெடுத்துவிட்டு ‘ஹார்ட் டிஸ்க் போய்விட்டது’ என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் கிளை கிளையாகச் சேமித்து வைக்கும் இடம்தான் ரெஜிஸ்ட்ரி. தொலைவிலிருந்து உங்கள் கணினியைச் சரிசெய்கிறவர் அதில் ‘ஃபுல் கண்ட்ரோல்’ என்ற முழு அனுமதியைக் கொடுக்கப் போனால் உடனே தடுத்து நிறுத்துங்கள். என் அக்காவின் தையல் கடைக் கணக்கெல்லாம் இருந்த விண்டோஸ் 10 லேப்டாப்பை இப்படித்தான் பாழாக்கினார்கள்.

கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவும்போது 1406 என்ற பிழை வந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுத முடியவில்லை என்று பொருள். எந்த இடம் என்பதையும் அந்தச் செய்தியே சொல்லும். அந்த ஒரு கிளையின் அனுமதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. லேப்டாப் வாங்கிய கடையிலிருந்து இணையவழியே உள்ளே வந்த பையனுக்கு அதற்குப் பொறுமையில்லை. சாஃப்ட்வேர் கிளை முழுவதையும், அடுத்து அந்த மென்பொருளின் உரிமச் சேவை தொடங்கவில்லை என்று, பின்னணிச் சேவைகளின் அமைப்புகள் இருக்கும் சர்வீசஸ் கிளையையும் அக்காவின் பயனர் கணக்குக்கு எழுதிவைத்து, பழைய அனுமதிகளில் பலவற்றை நீக்கிவிட்டான். மென்பொருள் நிறுவப்பட்டது. 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கணினியைத் திறந்தால் ஸ்டார்ட் மெனு வரவில்லை. கால்குலேட்டர் கூடத் திறக்கவில்லை. இணையம் இல்லை. கடைக்குப் போன் செய்தபோது, “நாங்கள் முடித்தபோது நன்றாகத்தானே இருந்தது மேடம், ஹார்ட் டிஸ்க் போயிருக்கும், கொண்டு வாருங்கள்” என்றார்கள். புது டிஸ்க், ஃபார்மட் எல்லாம் சேர்த்து 4,500 ரூபாயாம்!

ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள் பழைய அனுமதியோடு தொடரும். அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ‘முடித்தபோது நன்றாக இருந்தது’ என்ற வாதம் அதனால் செல்லாது.

நான் போய்ப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜர் வழியாக ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்ததும் அது நேரே சர்வீசஸ் கிளையில் போய் நின்றது. கடைசியாகப் பார்த்த இடத்திலேயே திறப்பது அதன் வழக்கம். அனுமதிப் பட்டியலில் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், அக்காவின் கணக்கு, இவை மூன்றுதான் இருந்தன. உரிமையாளர் என்ற இடத்திலும் அக்காவின் கணக்கு. ‘யூசர்ஸ்’ என்ற பொதுக் குழுவைக் காணோம். இணைய முகவரி வாங்கித் தரும் டிஎச்சிபி சேவை லோக்கல் சர்வீஸ் என்ற எளிய கணக்கில் ஓடுவது. அந்தக் குழுவின் பதிவு போனதால் தன் அமைப்பையே படிக்க முடியாமல் அது ‘பிழை 5, அனுமதி மறுக்கப்பட்டது’ என்று நின்றுவிட்டது. சாஃப்ட்வேர் கிளையில் விண்டோஸின் புதிய வகைச் செயலிகளுக்கு அனுமதி தரும் ‘ஆல் அப்ளிகேஷன் பேக்கேஜஸ்’ என்ற பதிவும் போயிருந்தது. ஸ்டார்ட் மெனு திறக்காததற்கு அதுதான் காரணம்.

டிஸ்க் மீது பழி போட்டார்களே, அதையும் சோதித்தேன். பென் டிரைவிலிருந்து உபுண்டு என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றியதும் அதே லேப்டாப்பில் வைஃபை உடனே கிடைத்தது. கோப்புகள் அத்தனையும் திறந்தன. வன்பொருளில் ஒரு குறையும் இல்லை.

இதைச் சொன்னதும் பேச்சு மாறியது: “பேக்கப் எடுத்துவிட்டுத்தான் சார் செய்தோம், டெஸ்க்டாப்பில் இருக்கிறது.” இருந்தது, ஒரு ‘.ரெக்’ கோப்பு. எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அந்த வகைக் கோப்பில் மதிப்புகள் மட்டுமே சேமிக்கப்படும், அனுமதிகள் சேமிக்கப்படுவதில்லை. அதை ஆயிரம் முறை ஏற்றினாலும் பழைய நிலை திரும்பாது. இதை அறியாதவர் ரெஜிஸ்ட்ரியைத் தொடவே கூடாது. அறிந்தே சொன்னார் என்றால் அது ஏமாற்று.

கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் வசதி அணைந்தே இருந்தது. ரெஜிஸ்ட்ரியின் நகல் இருக்க வேண்டிய ரெக்பேக் கோப்புறையில் கோப்புகளின் அளவு 0. 2018-இல் வந்த 1803 பதிப்பிலிருந்தே விண்டோஸ் அங்கே தானாக நகல் எடுப்பதில்லை. விண்டோஸின் எஸ்எஃப்சி சோதனை எல்லாம் சரி என்றது, அது பார்ப்பது கணினிக் கோப்புகளைத்தான், ரெஜிஸ்ட்ரி அனுமதிகளை அல்ல. கடைசியில் உபுண்டு வழியே தரவுகளை நகலெடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். நிறுவும் கோப்பை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தருகிறது. உரிமம் அந்தக் கணினியோடு பதிவாகியிருந்ததால் தானாகவே ஏற்றுக்கொண்டது. கணக்கு மென்பொருளின் உரிமத்தை மீட்கத்தான் அக்கா அலையாய் அலைந்தார்.

கடைக்காரர் பணத்தையும் திருப்பித் தரவில்லை, செய்த வேலைக்கு ரசீதும் தரவில்லை. பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன்பே அனுமதிப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வைத்திருந்தேன். அவற்றோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம்.