டொலரிலா, ரூபாயிலா: ஒரு கைத்தறிக் கடையின் ஹொஸ்டிங் கணக்கு

இலங்கையின் கிழக்கே மருதமுனையில் எங்கள் கைத்தறிக் கடைக்கு இணையத்தளம் போட்டது 2019 ஜூனில். தளத்தை வைத்திருக்கும் சேர்வரில் இடம் வாடகைக்கு எடுப்பதுதான் ஹொஸ்டிங். அதற்கு முதல் மூன்று வருடம் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றில் இருந்தோம். 2022 ஜூலைக்குப் பிறகு கொழும்புக் கொம்பனி ஒன்றில். இடையில் நான்கு மாதம் சிங்கப்பூரில் ஒரு விபிஎஸ், அதாவது நமக்கென்று ஒதுக்கிய, நாமே பராமரிக்க வேண்டிய ஒரு சேர்வர்ப் பங்கு, எடுத்தும் பார்த்தேன். இப்போதும் கொழும்புக் கொம்பனியோடுதான் இருக்கிறேன், ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இணையத்தளமே எதற்கு, பேஸ்புக் பக்கம் போதாதா என்று கல்முனைக் கடைக்காரர்கள் பலர் இன்னும் கேட்கிறார்கள். 2018 மார்ச்சில் அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸப்பையும் முடக்கியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு மறுபடியும் முடக்கியது. எங்கள் சாறனும் சாறியும் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் லண்டனிலும் டொரொன்டோவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு பேஸ்புக் வேலை செய்தது, எங்களுக்குத்தான் திறக்கவில்லை. ஓடர் வந்ததா வரவில்லையா என்றுகூடத் தெரியாமல் கடையில் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு வாப்பாவே சொன்னார், "நமக்கென்று ஒரு இடம் வேணும்" என்று.

சரி, ஹொஸ்டிங். எல்லோரும் முதலில் பார்ப்பது வேகம், இடம், அப்டைம் (தளம் நிற்காமல் ஓடும் நேரம்). இவற்றில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 99.9 சதவீத அப்டைம் என்று எழுதாத கொம்பனி இல்லை. வருடத்துக்கு 8,760 மணித்தியாலம், அதில் 0.1 சதவீதம் என்றால் எட்டே முக்கால் மணித்தியாலம். அந்த எட்டே முக்கால் பெருநாளுக்கு முதல் நாள் வந்துவிடாமல் இருந்தால் சரி. "அன்லிமிட்டட்" என்பதை நம்ப வேண்டாம். கோப்புகளின் எண்ணிக்கைக்கு நிபந்தனைகளில் எங்காவது ஒரு மூலையில் உச்சவரம்பு இருக்கும். தளத்துக்குப் போய்வரும் தகவலைப் பூட்டிக் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் வேறு இடம் பாருங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. சேர்வர் எந்த நாட்டில் என்ற கேள்வியும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிதில்லை. வாங்குகிறவர் டொரொன்டோவில் இருக்கும்போது சேர்வர் கொழும்பில் இருந்து என்ன பயன்? தளத்தின் பிரதியைப் பல நாடுகளில் வைத்துக் காட்டும் கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தை முன்னால் வைத்துவிட்டால் சாறிப் படங்கள் எல்லா ஊரிலும் ஓரளவு சுறுக்காகத் திறக்கின்றன.

எனக்கு முக்கியம் வேறொன்று: புதுப்பிக்கும் நாள். அன்று எந்தக் காசில் கட்ட வேண்டும், யாருடைய அட்டையில், நினைவூட்டல் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது, டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யார் பெயரில் கிடக்கிறது. இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்து எங்களை அடித்த கதையைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கொம்பனியின் விலை மாதம் 2 டொலர் 95 சதம். 36 மாதத்துக்கு ஒரேயடியாகக் கட்டினால்தான் அந்த விலை. மொத்தம் 106 டொலர் 20 சதம், அப்போது டொலர் 176 ரூபாய்க்குக் கிட்ட, ஆக 18,700 ரூபாய். முதல் வருடம் டொமைன் இலவசம். இணையத்தளம் செய்துதந்த பொடியனே கணக்கையும் திறந்தான், தன்னுடைய மின்னஞ்சலில். அட்டை மட்டும் என்னுடையது. அது அப்போது எனக்குக் குறையாகவே படவில்லை.

2022 ஜூன் கடைசி, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும். டொரொன்டோவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார்: "உங்கட சைட்டைத் திறந்தா யாரோட விளம்பரமோ ஓடுதே." பார்த்தால் டொமைன் காலாவதியாகி இரண்டு வாரம். காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் நினைவூட்ட வேண்டும் என்பது உலக அளவில் டொமைன்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி. அனுப்பித்தான் இருக்கிறார்கள், பொடியனுக்கு. அவன் சவூதிக்குப் போய் ஒரு வருடம், அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. என் அட்டையில் தானாகக் கழிய வேண்டிய காசும் கழியவில்லை. அந்த நாட்களில் நாட்டில் டொலர் இல்லை, என் வங்கி அட்டையை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு மறித்து வைத்திருந்தது.

கணக்குக்குள் நுழைய வேண்டுமானால் பொடியனின் பழைய இலங்கை நம்பருக்கு ஒரு குறியீடு வரும். அவனுடைய உம்மா அடுத்த தெருவில்தான் இருக்கிறார். போய்க் கேட்டபோது அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். அடையாள அட்டைப் பிரதிகள், தையல் நூல், ஒரு பழைய மணிக்கூடு, அவற்றுக்கு அடியில் டிஷுப் பேப்பரில் சுற்றிய சிம். மகன் எப்போதாவது திரும்பி வந்தால் தேவைப்படும் என்று அவ்வப்போது ரீலோட் பண்ணி வைத்திருந்தாராம். என் போனில் போட்டேன். மின்வெட்டு நேரம், டவரும் போய்ப் போய் வந்தது. மூன்றாம் முறைதான் குறியீடு நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

உள்ளே போனால் பில் காத்திருந்தது. சலுகை விலை முதல் தவணைக்கு மட்டும்தானாம். புதுப்பிக்க மாதம் 10 டொலர் 95 சதம், 36 மாதத்துக்கு 394 டொலர். டொலர் அப்போது 360 ரூபாய். மூன்று வருடத்துக்கு முன் 18,700 கட்டிய அதே சாமானுக்கு ஒரு இலட்சத்து நாற்பத்தோராயிரம் சொச்சம். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றாலும் 47 ஆயிரம் தாண்டியது. விலை டொலரில் நான்கு மடங்குகூட ஏறவில்லை, ரூபாயில் ஏழரை மடங்கு.

தோஹாவிலிருக்கும் பெரியப்பாவின் மகனைப் பிடித்தேன். அவருடைய அட்டையில் கட்டினால் ஓடிபி அவருடைய போனுக்கு வரும். அவர் வேலைத்தளத்தில், போன் லொக்கரில். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்ததும் அழைத்தார். "காக்கா, நம்பர் வந்திட்டா?" என்று நான் கேட்க, அவர் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, டொமைனை மட்டும் மீட்டோம். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் அது மீட்புக் காலத்துக்குள் போயிருக்கும். அந்த 30 நாளில் எடுப்பதற்குத் தனிக் கட்டணம், அதையும் தவறவிட்டால் ஐந்து நாளில் டொமைன் யாருக்கும் கிடைக்கும் சந்தைப் பொருள். ஹொஸ்டிங்கை அங்கே புதுப்பிக்கவில்லை. பெருநாள் வியாபாரத்தில் பாதி போய்விட்டது, அது வேறு கணக்கு.

இதில் அந்தக் கொம்பனி செய்த பிழை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சேர்வர் மூன்று வருடம் நன்றாகவே ஓடியது. நள்ளிரவில் கேட்டாலும் இணைய அரட்டையில் பதில் வரும், கொழும்பில் அது இல்லை. விலைப்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருந்த புதுப்பித்தல் விலையை நான்தான் படிக்கவில்லை.

இப்போது கொழும்புப் பக்கம். ரூபாயில் பில் வருகிறது. வங்கியில் போட்டு ஸ்லிப்பைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினால் முடிந்தது. அட்டையே தேவையில்லை. நான் ஊரில் இல்லாவிட்டால் தங்கச்சி போய்க் கட்டுவாள். முதல் வருடம் 9,500 ரூபாய். அடுத்த வருடம் 13,500 ஆக்கினார்கள். அவர்களுடைய செலவும் டொலரில்தானே, ஹொஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபெனல் மென்பொருளின் உரிமம்கூட டொலரில்தான் வாங்க வேண்டும். ஆகவே ரூபாய்க் கொம்பனி என்றால் டொலர் அடிக்காது என்று நினைக்காதீர்கள். அடி பிந்தி வரும், பில்லாக வரும், தொலைபேசியில் ஒரு மனிதரோடு பேசலாம். நான் பேசித் தவணை கேட்டேன், இரண்டாகப் பிரித்துத் தந்தார்கள். கடனுக்கு நூல் எடுத்துப் பழகிய எங்களுக்கு இது தெரிந்த மொழி.

குறைகளும் உண்டு. சனி பின்னேரம் ஸ்லிப் அனுப்பினால் திங்கள்தான் பார்ப்பார்கள். போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் அழைப்பை எடுக்க ஆளில்லை. உதவிக்கு அழைத்தால் சிங்களமோ ஆங்கிலமோ, தமிழ் பேசுகிறவர் அன்று வேலையில் இருந்தால் அதிர்ஷ்டம். பல கொம்பனிகளுக்குச் சொந்தச் சேர்வரே கிடையாது, வெளிநாட்டில் மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்பவர்கள். அதில் தப்பில்லை, நாங்களும் நூலை அப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் ஒரே ஆள் வீட்டிலிருந்து நடத்தும் கொம்பனியா என்று பாருங்கள். நான் எடுக்கும் முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று கொம்பனிகளுக்கு அழைத்தேன். ஒன்று எடுக்கவே இல்லை. இன்னொன்றில் எடுத்தவர் பஸ்ஸில் இருந்தார், கண்டக்டர் இடம் கூப்பிடுவது கேட்டது. மூன்றாவதை எடுத்தேன்.

எங்கே எடுத்தாலும் டொமைனை ஹொஸ்டிங் கொம்பனியிடம் வாங்காதீர்கள். அதில் நான் பிடிவாதம். இப்போது எங்களிடம் இரண்டு டொமைன். டொட் எல்கே முகவரியை எல்கே பதிவகத்திலேயே நேரடியாக, கடையின் பெயரில், ரூபாயில் எடுத்தோம். பழைய டொட் கொம்மை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன், அதிகபட்சம் பத்து வருடம் வரை கட்டலாம். இரண்டுக்கும் மின்னஞ்சல் கடையின் பெயரில், கடவுச்சொல் என்னிடமும் தங்கச்சியிடமும். ஹொஸ்டிங் கொம்பனி நாளைக்கே கதவை மூடினாலும் முகவரி எங்களிடம் இருக்கும், வேறு சேர்வரைக் காட்டிவிட்டால் சரி. டொட் இலங்கை என்று தமிழிலேயே முகவரி எடுக்கலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் தமிழ் முகவரியைப் பிரதி பண்ணி அனுப்பினால் பல இடங்களில் எக்ஸ்என் என்று தொடங்கும் குப்பை எழுத்தாகப் போய் விழுகிறது. வாடிக்கையாளர் அதை அழுத்தப் பயப்படுவார்.

விபிஎஸ் பற்றி நான்கு மாத அனுபவத்தில் சொல்வதைக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 6 டொலர், வேகம் நிஜமாகவே வேறு. ஆனால் எல்லா வேலையும் நம்முடையது. ஒரு அப்டேட் போட்டபின் மின்னஞ்சல் நின்றது, இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். தறியில் ஒரு இழை அறுந்தால் நெய்கிறவருக்குக் கை நிற்கும், சேர்வரில் அறுந்தால் யாரும் சொல்வதில்லை. அறுகம்பையில் விருந்தினர் விடுதி நடத்தும் மச்சான் விபிஎஸ்ஸில்தான் இருக்கிறார், சந்தோஷமாக இருக்கிறார். அவருடைய முன்பதிவுக் கலண்டருக்குச் சாதாரண ஹொஸ்டிங் காணாது. அலைச்சறுக்கல் சீசனில் வெள்ளைக்காரர்கள் டொலரில் காசு தருகிறார்கள், பொத்துவிலில் ஒரு தம்பி மாதச் சம்பளத்துக்குச் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறார். அந்த இரண்டும் என்னிடம் இல்லை. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வரும் தளம் என்றால் என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்பதுதான் சரி.

ஷொப்பிஃபை மாதிரியான ஆயத்த இணையக் கடைகளை நான் பாவித்ததில்லை, கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். மாதச் சந்தா டொலரில். அவர்களுடைய சொந்தக் கொடுப்பனவு வசதி இலங்கைக்கு இல்லை, ஆகவே வேறு கேட்வே (அட்டைக் காசை வாங்கித் தரும் சேவை) பாவித்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் இன்னும் 2 சதவீதம் அவர்களுக்கு. கைத்தறியில் இலாபம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இந்த 2 வலிக்கும். சந்தா நின்றால் கடையும் பூட்டு.

பேக்கப் விஷயத்தில் எந்தக் கொம்பனியையும் நான் நம்புவதில்லை, கொழும்பானாலும் சரி. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஓவிஎச் கொம்பனியின் ஒரு சேர்வர்க் கட்டடமே எரிந்தது. பேக்கப்பும் அதே இடத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஐரோப்பாவின் பெரிய கொம்பனிகளில் ஒன்றுக்கே அது. தங்கச்சி ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் நேரத்தில் முழுத்தளத்தையும் இறக்கி ஒரு பென்டிரைவில் போடுவாள். அது சாறன் பெட்டிகளோடு கடையில் இருக்காது, வீட்டுக்குப் போகும்.

போன வாரம் கொழும்பிலிருந்து அடுத்த வருடப் பில் வந்தது, 500 ரூபாய் கூட்டியிருக்கிறார்கள். வாப்பா அதை நூல் பில்களோடு கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை கல்முனைக்குப் போகும்போது கட்ட வேண்டும்.